ஈரப்புல்லில் இறங்கும் சக்கரம்

போடிநாயக்கனூரிலிருந்து மூணாறு சாலையில் ஏறினால், போடிமெட்டைத் தொடுவதற்குள் 17 கொண்டை ஊசி வளைவுகளைக் கடக்க வேண்டும். அடிவாரத்துக்கும் மெட்டுக்கும் இடையே ஏறத்தாழ ஆயிரம் மீட்டர் உயர வேறுபாடு. ஏலத்தோட்டத்து ஜீப் அதைத் திணறாமல் ஏறிவிடும். சாலை இவ்வளவு வளைவதற்கு ஒரே காரணம்தான்: இந்த மலையில் நேராகவும் மட்டமாகவும் அரை கிலோமீட்டர் நிலம் கிடைப்பது மிக அரிது.

இந்தச் சரிவில் தரையை விட்டு அந்தரத்தில் முதலில் பயணம் செய்தது தேயிலைதான். குண்டளைப் பள்ளத்தாக்கில் 1902-இல் ஒற்றைத் தண்டவாள வண்டி ஓடியது. 1908-இல் அது குறுகிய ரயில் பாதையாக மாறியது. மூணாறுத் தேயிலைப் பெட்டிகள் அதில் டாப் ஸ்டேஷன் வரை வந்து, அங்கிருந்து கம்பிவடத்தில் தொங்கியபடி கொட்டகுடிக்கு இறங்கி, போடி வழியாகத் தூத்துக்குடித் துறைமுகத்துக்குப் போயின. 1924 ஜூலையில் பெய்த பெருமழையும் வெள்ளமும் அந்த ரயில் பாதையை அழித்துவிட்டன. அதன் பிறகு அது திரும்பக் கட்டப்படவில்லை.

கம்பிவடத்துக்கு மேலே ஒரு முனை, கீழே ஒரு முனை இருந்தால் போதும். விமானத்துக்கு அது போதாது. பறக்கும்போது அதற்கு நிலம் வேண்டாம், நிற்பதற்குத்தான் வேண்டும். எவ்வளவு நிலம் வேண்டும், மழை பெய்தால் அந்த அளவு எப்படி வளர்கிறது என்பதே இந்த அத்தியாயத்தின் கேள்வி.

ஏலமலையில் 650 மீட்டர்

சபரிமலைக்குப் புல்மேடு வழியாக நடந்து போகும் பக்தர்களுக்குச் சத்திரம் என்ற ஊர் தெரிந்திருக்கும். போடிக்குத் தென்மேற்கே, அதே ஏலமலைத் தொடரில், வண்டிப்பெரியாறுக்குப் பக்கத்தில் இருக்கிறது. தேசிய மாணவர் படையான என்.சி.சி.யின் மாணவர்களுக்குப் பறக்கக் கற்றுக்கொடுப்பதற்காக, கேரளப் பொதுப்பணித் துறை அங்கே 650 மீட்டர் நீளத்தில் ஓர் ஓடுபாதை அமைத்தது. இடுக்கி மாவட்டத்தில் விமானம் இறங்கக்கூடிய இடம் என்று சொல்லிக்கொள்ள அதற்கு முன் ஒன்றும் இருந்ததில்லை.

2022-ஆம் ஆண்டு அந்தப் பாதைக்குச் சோதனை ஆண்டு. ஏப்ரலில் இறங்க வந்த சிறுவிமானம், எதிரே நின்ற ஒரு மேடு இடைஞ்சலாக இருந்ததால் தரை தொடாமல் திரும்பிப் போனது. ஜூலையில் தென்மேற்குப் பருவமழை வலுத்தபோது ஓடுபாதையின் ஒரு பக்கத்து மண் சரிந்து பள்ளத்தில் விழுந்தது. டிசம்பர் 1-ஆம் தேதி வைரஸ் எஸ்.டபிள்யூ. 80 என்ற இரண்டு இருக்கை விமானம் அங்கே வெற்றிகரமாக இறங்கியது.

மேடு, மழை, நீளம். மலையில் விமானம் இறக்குவதில் உள்ள சிக்கல்கள் எல்லாம் ஒரே ஆண்டில் ஒரே இடத்தில் வந்து நின்றன. இவற்றில் அதிகம் ஏமாற்றக்கூடியது மழை. மேடு கண்ணுக்குத் தெரிகிறது, நீளத்தை நாடா பிடித்து அளந்துவிடலாம். ஈரம் எவ்வளவு நீளத்தைத் தின்கிறது என்பது மட்டும் சக்கரம் தரையைத் தொட்ட பிறகே தெரியவரும்.

பிடிக்க வேண்டாதபோது பிடிக்கும் புல்

உலகெங்கும் பல சிறுவிமானங்கள் புல்தரையில் பிறந்து வளர்ந்தவை. புல் மலிவானது, டயரைத் தேய்க்காது. வேர்கள் மண்ணைப் பின்னிப் பிடித்திருப்பதால், வெறும் மண்தரையைவிட அதிக எடையைத் தாங்கும். காய்ந்த, கெட்டியான புல்தரை ஒரு நல்ல ஓடுபாதை. நனைந்த பிறகு அது வேறொரு பொருள்.

சக்கரத்துக்கும் தரைக்கும் இடையே இரண்டு விதமான எதிர்ப்புகள் உண்டு. பிரேக் பிடிக்காமல் உருளும்போது தரை காட்டும் எதிர்ப்பு ஒன்று. பிரேக் பிடித்தபின் கிடைக்கும் பிடிமானம் மற்றொன்று. விமான வடிவமைப்புப் பாடநூல்கள் இவற்றுக்குத் தனித்தனி எண் கொடுக்கின்றன. விமானத்தின் எடையை 1 என்று வைத்துக்கொண்டால், காய்ந்த கான்கிரீட்டில் உருளும் எதிர்ப்பு 0.03 முதல் 0.05 வரை இருக்கும். பிரேக் பிடிமானம் 0.3 முதல் 0.5 வரை. கெட்டியான காய்ந்த புல்தரையில் இவை 0.05, 0.4. ஈரப்புல்லில் 0.08, 0.2.

இந்தக் கடைசி இரண்டு எண்களைச் சற்று நின்று பாருங்கள். ஈரப்புல்லில் உருளும் எதிர்ப்பு கூடுகிறது, பிரேக் பிடிமானமோ பாதியாகிறது. கிளம்பும்போது வேகம் எடுக்கவிடாமல் சக்கரத்தை இழுத்துப் பிடிக்கும் அதே புல், இறங்கி நிற்க வேண்டிய நேரத்தில் கைவிட்டுவிடுகிறது. ஒரே தரை இரண்டு பக்கமும் விமானிக்கு எதிராக நிற்பது விசித்திரமாகத் தோன்றலாம். காரணம், இந்த இரண்டு எதிர்ப்புகளும் வெவ்வேறு இடத்தில் பிறக்கின்றன. உருளும் எதிர்ப்பு மண் அமுங்குவதாலும் தண்டுகள் மடங்குவதாலும் வருகிறது. ஈரத்தில் மண் இளகுவதால் இரண்டுமே அதிகமாகும். பிரேக் பிடிமானமோ டயரின் ரப்பர் தரையைக் கவ்வுவதைப் பொறுத்தது. நடுவில் நீர் வந்துவிட்டால் கவ்வுவதற்கு ஒன்றுமில்லை.

இதைத் தூரமாக மாற்றுவது எளிது. 50 நாட் வேகம் என்பது மணிக்கு 93 கிலோமீட்டர், வினாடிக்குச் சுமார் 26 மீட்டர். முழு எடையும் சக்கரத்தின் மேல் இருப்பதாகக் கொண்டால், பிடிமானம் 0.4 உள்ள தரையில் இந்த வேகத்திலிருந்து நிற்க 84 மீட்டர் போதும். பிடிமானம் 0.2 ஆனால் 168 மீட்டர் வேண்டும். இந்தக் கணக்கில் விமானத்தின் எடை வருவதே இல்லை. எடை கூடினால் நிறுத்த வேண்டிய ஆற்றல் கூடும், அதே அளவுக்கு உராய்வும் கூடும், இரண்டும் அடிபட்டுப் போகும். வேகத்துக்கு அந்தச் சலுகை கிடையாது. அது இருமடியாக நிற்கிறது. வேகம் 10 சதவீதம் கூடினால் நிற்கும் தூரம் 21 சதவீதம் கூடும்.

இலை மேல் ஒரு படலம்

நீர் ஓர் ஓடுபாதையை மூன்று ஆழங்களில் தாக்குகிறது. முதல் ஆழம் புல்லிலையின் மேற்பரப்பு.

புல்லிலையின் மேல் மெழுகுப் பூச்சு உண்டு. அதன் மேல் பனித்துளியோ மழைநீரோ நிற்கும்போது டயர் அதை நசுக்குகிறது. இலையின் சாறும் அதோடு சேர்ந்துகொள்கிறது. வரப்பில் செருப்போடு நடப்பவருக்கு இது சொல்லித் தெரிய வேண்டியதில்லை. வெறும் ஈரமண்ணைவிட, பனி படிந்த புல் வரப்பில்தான் கால் சட்டென்று வழுக்கும்.

பிரிட்டனின் சிவில் விமானப் போக்குவரத்து ஆணையம் சிறுவிமானிகளுக்கு ஒரு பெருக்கல் பட்டியல் கொடுத்திருக்கிறது. காய்ந்த தார்ப்பாதையில் இறங்கி நிற்கத் தேவையான தூரத்தைக் காய்ந்த புல்லுக்கு 1.15-ஆலும், ஈரப்புல்லுக்கு 1.35-ஆலும் பெருக்க வேண்டும். அதில் ஓர் எச்சரிக்கையும் உண்டு: புல் மிகக் குட்டையாக வெட்டப்பட்டு ஈரமாக இருந்தால், தூரம் 60 சதவீதம் வரை கூடலாம். அழகாக வெட்டிப் பராமரிக்கப்பட்ட புல்தரைதான் மிக ஆபத்தானதா என்று கேட்கத் தோன்றும். ஆம், கீழே மண் கெட்டியாக இருந்தால் அப்படித்தான். நீளமான புல்லில் டயர் கொஞ்சம் அமிழ்கிறது, தண்டுகள் மடங்கி ஆற்றலை உறிஞ்சுகின்றன. குட்டைப் புல்லின் அடியில் இறுகிய மண் இருந்தால் அமிழவும் வழியில்லை, மடங்கவும் தண்டில்லை. மெல்லிய நீர்ப்படலம் மட்டும் மிஞ்சுகிறது.

நீர் தேங்கி நின்றால் இன்னொரு நிகழ்வு சேர்ந்துகொள்ளும். நாசாவின் வால்டர் ஹார்ன் 1960-களில் விமான டயர்களை நனைந்த பாதையில் ஓட்டிப் பார்த்து ஓர் எளிய விதி கண்டார். டயரின் காற்றழுத்தத்தைச் சதுர அங்குலத்துக்கு இத்தனை பவுண்ட் என்ற அளவில் எடுத்து, அதன் வர்க்கமூலத்தை 9-ஆல் பெருக்கினால் ஒரு வேகம் நாட் அளவில் கிடைக்கும். அந்த வேகத்துக்கு மேல் டயர் நீரைப் பிளக்க முடியாமல் அதன் மேலேறி மிதக்கும். பயணிகள் ஜெட்டின் டயரில் அழுத்தம் 200 பவுண்ட் அளவில் இருப்பதால் அதன் மிதப்பு வேகம் 127 நாட். சிறுவிமான டயரில் 25 பவுண்ட்தான் என்றால் மிதப்பு வேகம் 45 நாட்டாகக் குறைந்துவிடுகிறது. மேலும், தரை தொடும் கணத்தில் சக்கரம் இன்னும் சுழலத் தொடங்கியிருக்காது. சுழலாத சக்கரத்துக்கு 9-க்குப் பதில் 7.7 என்று கொள்ள வேண்டும். அப்போது மிதப்பு வேகம் 38 நாட்தான். இந்த விதி நீர் தேங்கிய கெட்டியான பாதைக்கு உரியது. புல்தரையில் இதை ஓர் எச்சரிக்கையாக மட்டும் வைத்துக்கொள்ளலாம். மென்மையான டயர் மண்ணுக்கு இதம், தேங்கிய நீருக்கு எளிய இரை.

வேருக்குக் கீழே

இரண்டாவது ஆழம், வேர் பற்றியிருக்கும் ஒரு சாண் மண். ஏலம் பயிரிடுபவர்கள் இந்த ஆழத்தை நன்றாக அறிவார்கள். ஏலச்செடிக்கு ஈரம் வேண்டும், நீர் தேங்கினாலோ அழுகல் வந்துவிடும். அதனால் வடிகால் எடுக்காமல் தோட்டம் இல்லை. ஓடுபாதைக்கும் அதே விதிதான். நடு சற்று உயர்ந்து இருபுறமும் தாழ்ந்து, ஓரங்களில் வடிகால் ஓட வேண்டும். நீர் இறங்காத இடத்தில் மண் இளகும், சக்கரம் புதையும், மூக்குச் சக்கரம் புதைந்தால் விமானம் முகம் குப்புறச் சாயும்.

தரை தாங்குமா என்று பார்க்கப் பிரிட்டிஷ் விமானிகளிடையே ஒரு பழைய வழக்கம் உண்டு. ஒரு காரை மணிக்கு 50 கிலோமீட்டர் அளவில் பாதை நெடுக ஓட்டிப் பார்ப்பார்கள். உட்கார்ந்திருப்பவருக்குச் சிரமமில்லை என்றால் பாதையின் மேடுபள்ளம் பரவாயில்லை என்று பொருள். புல்லின் உயரம் விமானச் சக்கரத்தின் விட்டத்தில் 30 சதவீதத்தைத் தாண்டக் கூடாது என்பதும் அவர்கள் வைத்திருக்கும் அளவு. இங்கே காருக்குப் பதில் ஜீப் ஓட்டலாம். ஆனால் மலை ஜீப் நான்கு சக்கரத்தாலும் சேற்றை உழுது போய்விடும். ஜீப் போன இடத்தில் விமானம் போகும் என்று எடுத்துக்கொள்ள முடியாது. ஜீப் விட்டுச்சென்ற தடத்தின் ஆழத்தைக் குனிந்து பார்ப்பதே சரியான சோதனை.

இந்தியாவின் முதல் விமானத் தபால் நிறுவனமே இந்த இரண்டாவது ஆழத்தில் மாட்டிக்கொண்டது. ஜே.ஆர்.டி. டாட்டா 1932 அக்டோபர் 15-ஆம் தேதி கராச்சியிலிருந்து தபால் மூட்டையோடு புஸ் மாத் விமானத்தில் வந்து இறங்கிய பம்பாய் ஜுஹு திடல், கடலோரத்துச் சேற்று நிலம். அங்கிருந்து தபாலை நெவில் வின்சென்ட் பெல்லாரி வழியாகச் சென்னைக்குக் கொண்டுபோனார். மழைக்காலம் வந்ததும் ஜுஹு தண்ணீரில் நின்றது. டாட்டாவின் ஆட்கள் அதை எதிர்த்துப் போராடவில்லை. விமானங்களையும் விமானிகளையும் மெக்கானிக்குகளையும் புணேவுக்கு மாற்றிக்கொண்டார்கள். தரை ஈரமாக இருக்கும் காலத்தில் வேறு தரைக்குப் போய்விடுவது. கேட்கச் சாதாரணமாக இருக்கும் இந்த முடிவைவிடச் சிறந்த பாதுகாப்புத் தொழில்நுட்பம் இன்னும் கண்டுபிடிக்கப்படவில்லை.

மூன்றாவது ஆழம் மலையின் உடம்பு. சமதரை இல்லாத இடத்தில் ஓடுபாதை வேண்டுமென்றால், ஒரு பக்கம் வெட்டி மறுபக்கம் நிரப்ப வேண்டும். நிரப்பிய மண், துகளோடு துகள் அழுந்தி நிற்பதால் உறுதியாக இருக்கிறது. மழைநீர் உள்ளே புகுந்து வெளியேற வழியின்றி அழுத்தம் கூடும்போது, துகள்களை அது ஒன்றிலிருந்து ஒன்று சற்றே விலக்குகிறது. மண்ணின் எடை குறையவில்லை, கூடத்தான் செய்கிறது. உள் உராய்வு மட்டும் போய்விடுகிறது. பருவமழையில் மலைச்சாலைகளின் விளிம்பு உடைந்து இறங்குவதும், சத்திரத்தில் பாதையோரம் சரிந்ததும் இந்த வகைத் துயரங்கள்தான்.

407 எப்படி 1,000 ஆகிறது?

இனி ஒரு முழுக் கணக்கைப் போட்டுப் பார்க்கலாம். உலகில் மிக அதிகமாகத் தயாரிக்கப்பட்ட விமானமான செஸ்னா 172-ஐ எடுத்துக்கொள்வோம். அதன் 172எஸ் வகைக்குத் தயாரிப்பாளர் தரும் அளவு: கடல்மட்டத்தில், காற்று வீசாதபோது, காய்ந்த தார்ப்பாதையில், 50 அடி உயரத் தடையைத் தாண்டி வந்து இறங்கி நிற்க 1,335 அடி, அதாவது 407 மீட்டர். இதில் தரையில் உருளும் தூரம் 175 மீட்டர்தான். மீதி 230 மீட்டர் இன்னும் காற்றிலேயே போய்விடுகிறது.

இதை ஏலமலைக்கு ஏற்றுவோம். உயரம் 1,000 மீட்டர் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒவ்வோர் ஆயிரம் அடி உயரத்துக்கும் தூரத்தை 5 சதவீதம் கூட்ட வேண்டும். மேலே காற்று அடர்த்தி குறைவு; வேகமானியில் 60 நாட் என்று காட்டினாலும் விமானம் உண்மையில் அதைவிட வேகமாகத் தரையைக் கடந்துகொண்டிருக்கும். 407 இப்போது 478 ஆகிறது.

மழை விட்டு வெயில் அடிக்கும் ஒரு மதியம், வெப்பம் 25 டிகிரி. அந்த உயரத்துக்குரிய சராசரியைவிட இது 16 டிகிரிக்கு மேல் அதிகம். 10 டிகிரிக்கு 5 சதவீதம் என்று கூட்டினால் 518.

தரை ஈரப்புல். 1.35-ஆல் பெருக்கினால் 699.

இங்கேயே 650 மீட்டர் பாதை போதாமல் போய்விட்டது. ஆனால் கணக்கு முடியவில்லை. தயாரிப்பாளரின் எண்கள் புதிய விமானத்தில், கைதேர்ந்த சோதனை விமானி எடுத்தவை. சாதாரண விமானியின் தடுமாற்றத்துக்கும், தேய்ந்த பிரேக்குக்கும், திடீர்க் காற்றுக்கும் இடம் விட்டு, பிரிட்டிஷ் ஆணையம் இன்னும் 1.43-ஆல் பெருக்கச் சொல்கிறது. பாதையின் நீளத்தில் 70 சதவீதத்துக்குள் நின்றுவிட வேண்டும் என்ற வணிக விமான விதியின் மறுவடிவம் இது. பெருக்கினால் விடை ஏறத்தாழ 1,000 மீட்டர்.

தயாரிப்பாளர் தந்த தாளில் 407 என்று எழுதியிருந்தது, போடி மலை மேல் ஒரு கிலோமீட்டர் ஆகிவிட்டது. ஒவ்வொரு படியிலும் கூடியது கொஞ்சம்தான். எந்தப் படியும் தனியாகப் பயமுறுத்தவில்லை. அவை கூட்டலாக வராமல் பெருக்கலாக வருவதே ஆபத்து.

சத்திரத்தில் என்.சி.சி. இறக்கியது ஏன் வைரஸ் எஸ்.டபிள்யூ. போன்ற நுண்விமானம் என்பதும் இப்போது விளங்கும். அது மணிக்குச் சுமார் 64 கிலோமீட்டர் வரை வேகம் குறைந்தாலும் காற்றில் நிற்கும். செஸ்னாவுக்கு அந்த எல்லை ஏறத்தாழ 89. வேகத்தை இருமடியாக்கிப் பார்த்தால், நுண்விமானம் கரைக்க வேண்டிய ஆற்றல் அதன் எடைக்கேற்பப் பாதிதான்.

மேடும் சரிவும் காற்றும்

மெதுவாகப் பறப்பதற்கும் ஒரு விலை உண்டு. வைரஸ் எஸ்.டபிள்யூ. நன்றாகச் சறுக்கும் விமானம்: 1 மீட்டர் இறங்குவதற்குள் 17 மீட்டர் முன்னே போய்விடும். பாதை முனையில் 15 மீட்டர் உயர மேடு ஒன்று இருப்பதாக நினைத்துக்கொள்ளுங்கள். அதைத் தாண்டியபின் தானாகச் சறுக்கி வந்தால் தரையைத் தொட 255 மீட்டர் ஆகும். 650-இல் 255 போனால் மீதி 395. அதனால்தான் அந்த விமானத்தின் சிறகில் ஏர்பிரேக் வைத்திருக்கிறார்கள். அதைத் திறந்தால் இன்னும் சரிவாக இறங்கலாம். ஒரு சின்ன மேடு ஏன் ஒரு விமானத்தைத் திருப்பி அனுப்பும் என்பதற்கு விடை இந்தக் கணக்கில் இருக்கிறது.

சரிவு இருபுறமும் வெட்டும். 5 சதவீத இறக்கத்தில் இறங்கினால், ஈரப்புல்லின் 0.2 பிடிமானத்தில் கால் பங்கைப் புவியீர்ப்பு பறித்துக்கொள்ளும். 168 மீட்டர் 225 ஆகும். ஏற்றத்தில் இறங்கினால் அதே ஈர்ப்பு பிரேக்காக மாறும். ஈரம் தொடாத ஒரே பிரேக் அதுதான். எட்மண்ட் ஹில்லரி முன்னின்று 1964-இல் அமைத்த நேபாளத்து லுக்லா ஓடுபாதை 527 மீட்டர்தான், ஆனால் 11.7 சதவீத ஏற்றம். அத்தகைய ஏற்றத்தில் நமது 168 மீட்டர் 106 ஆகச் சுருங்கும். 2001-இல் தார் போடும்வரை அங்கே மண்தரையில்தான் விமானங்கள் இறங்கின. ஏற்றத்தில் இறங்கு, இறக்கத்தில் கிளம்பு என்பது அதன் விதி.

அந்த விதிக்கு விலை, மனம் மாற்றிக்கொள்ளும் உரிமை. சமவெளிப் பாதையில் இறங்குவது சரிப்படவில்லை என்றால் எஞ்சினை முடுக்கி மீண்டும் எழுந்து ஒரு சுற்று வரலாம். விமானிகள் இதை கோ-அரவுண்ட் என்பார்கள். மலையை நோக்கி ஏறும் பாதையின் முடிவில் மலையே நிற்கிறது. ஒரு புள்ளிக்குப் பிறகு இறங்கியே தீர வேண்டும்.

போடிச் சரிவில் காற்றும் இதில் சேர்ந்துகொள்ளும். பகலில் வெயில் பட்ட சரிவு சூடாகி, காற்று பள்ளத்திலிருந்து மேட்டை நோக்கி ஏறும். இரவில் குளிர்ந்த காற்று கீழே வழியும். ஏற்றத்தில் இறங்க வரும் விமானத்துக்குப் பகல் காற்று பின்னாலிருந்து தள்ளும் காற்று. 50 நாட்டில் இறங்கும் விமானத்தைப் பின்காற்று 5 நாட் தள்ளினால் தரை வேகம் 55. தூரம் 21 சதவீதம் கூடும். அதைத் தவிர்க்க விடியலில் வரலாம் என்றால், காற்று அடங்கியிருக்கும், புல் முழுக்கப் பனி நிற்கும். பனி காயும்வரை காத்திருந்தால் காற்று எழும்பிவிடும். ஜூன் முதல் செப்டம்பர் வரை இன்னொன்றும் உண்டு: தென்மேற்குப் பருவக்காற்று மலைமுகட்டைத் தாண்டிப் போடிப் பக்கம் சரியும்போது கீழ்நோக்கிப் புரளும். அந்தப் புரளலுக்குள் தாழப் பறக்கும் சிறுவிமானத்துக்கு எஞ்சின் வலு போதாமல் போகலாம்.

முகட்டில் மேகம் உட்கார்ந்தால் இந்தக் கணக்குகள் எதற்கும் வேலையே இல்லை. 1971 டிசம்பர் 9-ஆம் தேதி மதுரைக்கு இறங்கிக்கொண்டிருந்த இந்தியன் ஏர்லைன்ஸின் ஆவ்ரோ விமானம், பார்வைத் தெளிவு குறைந்திருந்த வேளையில் சின்னமனூருக்கு அருகே மலையில் மோதியது. இருந்த 31 பேரில் 21 பேர் இறந்தார்கள். ஓடுபாதை அங்கிருந்து 80 கிலோமீட்டர் தள்ளி, சமவெளியில், பத்திரமாக இருந்தது.

விமானியின் கையில் இருப்பவை

இத்தனை பெருக்கல்களில் விமானி மாற்றக்கூடியவை எவை? உராய்வை அவர் மாற்ற முடியாது. உயரம், வெப்பம், சரிவு எதையும் மாற்ற முடியாது. மிஞ்சுவது மூன்று: வேகம், தரை தொடும் இடம், வேண்டாம் என்று சொல்லும் நேரம்.

பிரேக்கை இந்தப் பட்டியலில் சேர்க்காததற்குக் காரணம் உண்டு. தரை தொட்ட உடனே சிறகுகள் இன்னும் பாதி எடைக்கு மேல் தூக்கிக்கொண்டிருக்கும். சக்கரத்தின் மேல் எடை இல்லாதபோது பிரேக்கை அழுத்தினால் சக்கரம் பூட்டிக்கொள்ளும். பூட்டிய சக்கரம் ஈரப்புல்லில் வழுக்குவதோடு, திசை திருப்பும் வலுவையும் இழக்கிறது. கார்களில் இருக்கும் ஏ.பி.எஸ். பெரும்பாலான சிறுவிமானங்களில் கிடையாது. ஆகவே அனுபவமுள்ளவர்கள் முதலில் விமானத்தை உருளவிடுவார்கள். கட்டுப்பாட்டுத் தண்டைப் பின்னுக்கு இழுத்துப் பிடித்து மூக்குச் சக்கரத்தின் சுமையைக் குறைப்பார்கள். காற்றின் எதிர்ப்பே வேகத்தைத் தின்னட்டும் என்று பொறுத்து, எடை சக்கரத்தில் இறங்கிய பிறகு பிரேக்கை மெல்ல மெல்லத் தொடுவார்கள். ஈரப்புல்லில் பிரேக் என்பது கடைசியில் கிடைக்கும் ஒரு சிறு உதவி. அதை நம்பித் திட்டம் போடுவதில்லை.

தரை தொடும் இடத்தின் மதிப்பைப் பெரிய விமானம் ஒன்றை வைத்துச் சொல்லலாம். மேற்குத் தொடர்ச்சி மலையின் மறுபக்கத்தில், கோழிக்கோட்டின் மேசைத்தள ஓடுபாதையில் 2020 ஆகஸ்ட் 7 இரவு மழையில் ஏர் இந்தியா எக்ஸ்பிரஸ் விமானம் இறங்கியது. பாதையின் நீளம் 2,700 மீட்டர். பின்காற்று சுமார் 14 நாட். விமானம் தரையைத் தொட்டது தொடக்கத்திலிருந்து 1,353 மீட்டர் தாண்டி, அதாவது பாதையில் பாதி பின்னே போன பிறகு. முனையைக் கடந்து பள்ளத்தில் விழுந்து உடைந்தது. 190 பேரில் 21 பேர் உயிரிழந்தார்கள். மீண்டும் எழாமல் இறக்கத்தைத் தொடர்ந்ததையும், வேண்டிய இடத்தைத் தாண்டித் தரை தொட்டதையும் விமான விபத்துப் புலனாய்வுப் பிரிவின் அறிக்கை காரணமாகக் குறித்தது. விமானத்தின் அளவு வேறு, தரை வேறு. கணக்கு ஒன்றே: தொடாமல் விட்ட ஓடுபாதை நிற்பதற்கு உதவாது.

இதனால் சிறுவிமானப் பயிற்சியில் ஒரு பழக்கத்தை ஊட்டுகிறார்கள். இறங்க வருவதற்கு முன்பே பாதையில் ஓர் அடையாளத்தைத் தேர்ந்துகொள்ள வேண்டும். ஒரு வெள்ளைக் கல்லோ, வேலிக்காலோ எதுவாகவும் இருக்கலாம். அது பாதையின் முதல் மூன்றில் ஒரு பங்குக்குள் இருக்க வேண்டும். அதற்குள் சக்கரம் தரையைத் தொடவில்லை என்றால், யோசிக்காமல் எஞ்சினை முடுக்கி எழ வேண்டும். யோசிக்காமல் என்பது முக்கியம். அந்த இரண்டு வினாடியில் யோசிப்பவர், இன்னும் கொஞ்சம் பார்க்கலாமே என்றுதான் யோசிப்பார். லுக்லா போன்ற ஒருவழிப் பாதையில் இந்த அடையாளம் தரையில் இருக்க முடியாது. அங்கே அது பாதைக்கு வெளியே, காற்றில், திரும்ப இடம் இருக்கும் கடைசிப் புள்ளியில் இருக்க வேண்டும்.

மலையில் ஓடுபாதை கேட்பவர்களுக்கு நியாயமான காரணங்கள் இருக்கின்றன. 2018 மார்ச்சில் குரங்கணிக் காட்டுத்தீயின்போது விமானப்படை ஹெலிகாப்டர்களை எதிர்பார்த்துக் காத்திருந்த போடி மக்களுக்கு, அவசரத்தில் வானிலிருந்து வரும் உதவியின் மதிப்பைச் சொல்ல வேண்டியதில்லை. ஆனால் அவசரம் பெரும்பாலும் மழைநாளில்தான் வரும்: நிலச்சரிவு, வெள்ளம், துண்டிக்கப்பட்ட சாலை. ஓடுபாதை மிகவும் தேவைப்படும் அந்த நாளில்தான் அதன் நீளம் மிகக் குறைவாக இருக்கும். எனவே மலை மேல் ஒரு பாதையை அளப்பவர்கள் மார்ச் மாத வெயிலில் நாடா பிடித்தால் போதாது. ஜூலை மாதத்துப் புல்லில், பின்காற்றோடு, 1.35-ஆலும் 1.43-ஆலும் வகுத்த பிறகு எத்தனை மீட்டர் மிஞ்சுகிறதோ, அதுவே அந்தப் பாதையின் உண்மையான நீளம். அதைத்தான் பலகையில் எழுத வேண்டும்.